கண்ணாடிப் பெட்டியில் வேறொருவர் பெயர்

எங்கள் வெல்டா அண்ணிக்கு ஊராட்சி கொடுத்த வேலை, ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருப்பது. இதைவிடப் பொருத்தமில்லாத வேலையை யாரும் யாருக்கும் கொடுத்திருக்க முடியாது. அருங்காட்சியகத்தின் பெரிய அறையில் மூலையோரமாக ஒரு நாற்காலி போட்டிருக்கும். திறந்ததிலிருந்து சாத்துகிற வரைக்கும் அதில் உட்கார்ந்து, வருகிறவர்கள் கண்ணாடியில் கை வைக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அவ்வளவுதான் வேலை. அவள் உட்கார்ந்தால்தானே! எழுந்து ஜன்னலுக்குப் போவாள். கடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று எட்டிப் பார்ப்பாள். திரும்பி வருவாள். மறுபடி போவாள். பழைய மரத்தரை அவள் நடைக்கு நடை முனகும். வாசலில் டிக்கெட் கிழிக்கிற எனக்கு அதைக் கேட்டுக் கேட்டுத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

"அண்ணி, கொஞ்ச நேரம் உட்காருங்களேன். உங்க காலுக்காக இல்லன்னாலும் என் காதுக்காக."

"உட்கார்ந்தா அது என்னையே பார்க்குது ரஸ்மா."

அது என்று அவள் சொன்னது நடுப் பெட்டியில் இருக்கிற பெரிய அம்பரை. எங்கள் ஊரான பேர்ஸ்கால்னியின் அருங்காட்சியகத்தில் இருப்பதெல்லாம் அம்பர்தான், மரப்பிசின் கோடிக்கணக்கான வருஷத்தில் கல்லாகிப் போனது. பூச்சி மாட்டிக்கொண்டது, கொசு மாட்டிக்கொண்டது, பால் நிறத்தில் இருப்பது, பாட்டில் பச்சையில் இருப்பது, பழைய காலத்துப் பெண்கள் கழுத்தில் போட்ட மணிகள் என்று நாலு அறை நிறைய வைத்திருக்கிறார்கள். ஆனால் பக்கத்து நகரம் லியெபாயாவிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள் பார்க்க வருவது அந்த ஒன்றைத்தான். சின்னக் கறுப்பு ரொட்டி அளவு இருக்கும். வெளியே கருத்த தோல், ஒரு பக்கம் உடைந்த இடத்தில் தேன் நிறம். அதன் கீழே ஒரு சீட்டு: 'கண்டெடுத்து அளித்தவர்: கூட்டுப்பண்ணைத் தலைவர் கார்லிஸ் வீதோல்ஸ்'.

அதைக் கண்டெடுத்தது வீதோல்ஸ் இல்லை. எங்கள் அண்ணி. அப்போது அவளுக்குப் பதினாறு வயது.

அந்தக் காலத்தில் எங்கள் கடற்கரை எங்களுடையதாக இல்லை. அது சோவியத் நாட்டின் எல்லை. சாயங்காலமானால் டிராக்டர் வந்து தண்ணீர் ஓரமாக மணலைச் சீப்பு போட்டுச் சீவினமாதிரி கீறிவிட்டுப் போகும். அதற்குப் பிறகு அந்தக் கீறலில் யார் கால் பட்டாலும் தடம் விழும். யாராவது கடல்வழியாகத் தப்பிப் போனார்களா என்று விடிந்ததும் காவல்படை நாயோடு வந்து தடம் பார்க்கும். எதுவும் இல்லை என்று அவர்கள் தலையாட்டிய பிறகுதான் நாங்கள் கடலைத் தொடலாம். புயல் வந்து ஓய்ந்த காலைகளில் இது பெரிய கொடுமை. கறுப்புப் பாசியோடு அம்பர் கரைக்கு வந்து கிடக்கும். நாங்கள் வேலிக்கு இந்தப் பக்கம் நின்று வாயைப் பிளந்துகொண்டு பார்ப்போம்.

வெல்டாவால் நிற்க முடியவில்லை. அவளால் எப்போதுதான் முடிந்தது? மூன்று நாள் புயல் அடங்கிய ஒரு காலையில், காவல்படை வருவதற்கு முன்னால் வேலிக்கு அடியில் நுழைந்து ஓடிவிட்டாள். முழங்கால் தண்ணீரில் பாசிக்குள் கையை விட்டாள். கையில் வந்தது இதுதான். பாவாடையைத் தூக்கி அதில் ஏந்திக்கொண்டு திரும்பிப் பார்த்தால், சீவி வைத்த மணலில் அவள் கால்தடம் பளிச்சென்று கிடக்கிறது. தூரத்தில் நாய் குரைக்கிறது. பக்கத்தில் இருந்த வீடு தலைவர் வீதோல்ஸுடையது. புறவாசல் வழியாக அவர் சமையலறைக்குள் ஓடி விழுந்தாள்.

வீதோல்ஸ் கெட்டவர் இல்லை. நல்லவர் என்றும் சொல்லமாட்டேன். அவளைப் பார்த்தார், பாவாடையைப் பார்த்தார், ஜன்னல் வழியாக மணலைப் பார்த்தார். பூட்ஸை மாட்டிக்கொண்டு வெளியே போனார். அவள் தடத்தின் மேலேயே தன் பெரிய பூட்ஸ் காலை வைத்து வைத்து மிதித்துக்கொண்டு தண்ணீர்வரை போய்த் திரும்பினார். காவல்படை வந்ததும், வலை அறுத்துக்கொண்டு போய்விட்டது, இழுக்கப் போனேன் என்றார். தலைவர் என்பதால் ஒரு பாட்டில் வோட்காவோடு விஷயம் முடிந்தது. உள்ளே வந்து மேசைமேல் இருந்த அம்பரைக் கையில் எடுத்தார்.

"நீ கரைக்கே போகல. புரியுதா? நீ எடுத்தேன்னு வாயைத் திறந்தா அந்தத் தடம் உன்னுதுன்னு ஆயிடும். அப்புறம் உங்கப்பனுக்குக் கடலுக்குப் போற அனுமதி இருக்காது. இதை நான் எடுத்தேன். வீட்டுக்குப் போ."

அவள் போனாள். அந்த வருஷமே அது கண்ணாடிப் பெட்டிக்குள் போயிற்று, அவர் பெயரோடு.

இதை அவள் இருபது வருஷத்துக்கு மேல் யாரிடமும் சொல்லவில்லை. அவள் அப்பா கடலில் இருந்தவரை சொல்ல முடியாது. அவர் காலமாகி, சோவியத்தும் ஒழிந்து, டிராக்டர் கீறலும் வேலியும் போன பிறகுதான் சொன்னாள். எங்கள் வீட்டில் சாம்பல் பட்டாணியும் பன்றிக்கொழுப்பும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உப்பை எடு என்கிற மாதிரி சொல்லிவிட்டாள். என் அண்ணன் சிகுர்ட்ஸ் கரண்டியைக் கீழே போட்டுவிட்டான்.

"கல்யாணம் ஆகி இத்தனை வருஷம் ஆச்சு. இப்போ சொல்றியே வெல்டா!"

"அப்போ சொல்லியிருந்தா நீ என்ன பண்ணியிருப்பே? குடிச்சிட்டுப் போய் அவர் வாசல்ல கத்தியிருப்பே."

அண்ணன் குனிந்து கரண்டியை எடுத்தான். அதைத்தான் செய்திருப்பான் என்பது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

அதற்குள் வீதோல்ஸும் போய்ச் சேர்ந்துவிட்டார். மீன் ஆலையை மூடியதும் அண்ணிக்கு அருங்காட்சியகத்தில் வேலை கிடைத்தது. வேறு எந்த அறையும் கிடைக்கவில்லை பாருங்கள், அந்த அறைதான். தினமும் தன் அம்பரையும் அடுத்தவர் பெயரையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திரு என்றால் யாருக்குத்தான் இருப்பு கொள்ளும்? அதைச் சொன்னால் அவளுக்குக் கோபம் வரும். "நான் பொறக்கும்போதே இப்படித்தான்" என்பாள். பொய். என் அண்ணன் அவளைக் காதலித்த காலத்தில் அவள் மணிக்கணக்காக வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். பெட்டிக்கு எதிரில் உட்கார வைத்த பிறகுதான் அவளுக்குக் கால் தரிக்கவில்லை.

வந்த இயக்குநர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தாள். ஒருவர் சிரித்தார். ஒருவர், செத்தவரைப் பற்றிப் பேசாதீர்கள் என்று புத்தி சொன்னார். கடைசியாக வந்தவள் சனிதா. தலைநகர் ரீகாவில் படித்த சின்னப் பெண், நல்ல பெண். உட்கார வைத்து, காபி கொடுத்து, முழுசாகக் கேட்டாள்.

"வெல்டாம்மா, நான் உங்களை நம்பறேன். ஆனா என் நம்பிக்கையை வச்சு சீட்டை மாத்த முடியாது. அவரோட பொண்ணு இருக்காங்க, அப்பா கையால எடுத்ததுன்னு அடிச்சுச் சொல்றாங்க. பார்த்தவங்க யாராவது ஒருத்தர் இருந்தாங்கன்னா சொல்லுங்க, நாளைக்கே மாத்திடறேன்."

"யாரும் பார்க்கல."

"அப்படின்னா வேற வழி ஒண்ணுதான் இருக்கு. அதுக்கு நிகரா இன்னொண்ணு கொண்டு வாங்க. உங்க பேரைப் போட்டுப் பக்கத்துலயே வைக்கிறேன்."

அந்தப் பெண் ஆறுதலுக்குச் சொன்னாள். அண்ணி அதை ஆணையாக எடுத்துக்கொண்டாள். அன்றிலிருந்து எங்கள் உயிரை எடுத்தாள். மேற்கிலிருந்து கடல்காற்று அடித்தால் போதும், சாப்பிடுகிற தட்டை அப்படியே வைத்துவிட்டு, பாசி அள்ளுகிற வலையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவாள். ஈஸ்டர் அன்று போனாள். என் பேத்தியின் ஞானஸ்நானத்தன்று தேவாலயத்திலிருந்து பாதியில் போனாள். நெஞ்சுவரை வரும் ரப்பர் கால்சட்டையை மாட்டிக்கொண்டு பனிக்காலத் தண்ணீரில் அறுபது வயதை நெருங்குகிற பொம்பளை நின்றுகொண்டிருப்பாள். கிடைத்ததெல்லாம் பட்டாணி அளவு, அவரை அளவு. அதையெல்லாம் ஜாம் பாட்டிலில் போட்டு ஜன்னலில் வைத்திருந்தாள். ஒருமுறைகூடத் திரும்பிப் பார்த்ததில்லை.

இதில் எரிகிற கொள்ளியில் எண்ணெய் ஊற்றுவது முதீதே. வீதோல்ஸின் ஒரே மகள். லியெபாயாவில் பள்ளிக்கூடத்தில் இசை சொல்லிக்கொடுக்கிறவள். எங்கள் பக்கம் பிறந்தநாளைவிடப் பெயர்நாள்தான் பெரிசு. நாட்காட்டியில் கார்லிஸ் என்ற பெயர் வருவது ஜனவரிக் கடைசியில். ஆண்டுதோறும் அன்றைக்கு முதீதே தன் சிநேகிதிகளைக் கூட்டிக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்குவாள். செத்தவருக்கு இரட்டைப்படையில்தானே பூ கொண்டுவர வேண்டும்? ஆறு கார்னேஷன் கொண்டுவருவாள். பெட்டிக்குக் கீழே வைப்பாள். அப்பா எப்படிக் குளிரில் போய் இதை எடுத்தார் என்று சிநேகிதிகளுக்குச் சொல்வாள். அத்தனை நேரமும் எங்கள் அண்ணி அந்த நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். வருஷத்தில் அவள் ஒழுங்காக உட்காருவது அந்த அரை மணி நேரம் மட்டும்தான். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். ஒருமுறை முதீதேயின் டிக்கெட்டை வேண்டுமென்றே கோணலாகக் கிழித்துக் கொடுத்தேன். என்னால் முடிந்தது அவ்வளவுதான்.

அந்த வருஷம் பெயர்நாளுக்கு முந்தின இரண்டு நாளும் புயல். கடல் உறுமுவது படுக்கைவரை கேட்டது. பெயர்நாளன்று நான் போய்க் கதவைத் திறந்து, அடுப்பில் விறகு போட்டு, காபிக்குத் தண்ணீர் வைத்தேன். அண்ணியைக் காணோம். இன்றைக்கு முதீதே வருகிற நாள், இதைத் தவறவிட மாட்டாளே என்று நான் வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துகொண்டிருந்தேன். அப்போது வந்தாள். வந்தாள் என்றா சொல்வது? காற்று கொண்டுவந்து போட்ட மாதிரி உள்ளே விழுந்தாள். உடம்பெல்லாம் நனைந்து, மூக்கு சிவந்து, கண் ரெண்டும் மின்னுகிறது.

"ரஸ்மா, கிடைச்சிடுச்சுடி!"

"என்ன கிடைச்சுது?"

"என் கைமுஷ்டி அளவுக்கு இருக்கு. அதைவிடவும் பெரிசு. அப்படியே தேன். சனிதா வரட்டும், அவ கையிலதான் முதல்ல கொடுப்பேன். உன்கிட்டகூடக் காட்டமாட்டேன், கண்ணு பட்டுடும்."

"என் கண்ணு என்ன அவ்வளவு மோசமா?"

"உன் கண்ணு கெட்டதுன்னு உங்கண்ணனே சொல்வான்." சிரித்தாள். எத்தனை வருஷம் கழித்து அப்படிச் சிரித்தாள்! எனக்கும் சிரிப்பு வந்தது. ஈரக் கோட்டைக் கழற்றி, பணியாளர் அறையில் அடுப்புக்குப் பக்கத்து ஆணியில் மாட்டிவிட்டு, தலையைக் கோதிக்கொண்டு பெரிய அறைக்குப் போனாள்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் கரையில் பொறுக்கியதை யாரும் கோட்டுப் பையில் போடமாட்டோம். நடக்கப் பழகின குழந்தைக்குக்கூட இது தெரியும். போர் முடிந்தபோது கப்பல் கப்பலாகக் குண்டுகளைக் கடலில் கொட்டியிருக்கிறார்கள். அதற்குள் இருந்த பாஸ்பரஸ் துண்டு துண்டாகக் கரைக்கு வரும். பார்த்தால் அம்பர்தான், அதே மஞ்சள், அதே வழவழப்பு. ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்துவிட்டால் தானே பற்றிக்கொள்ளும். அதனால் நாங்கள் எல்லாரும் தகர டப்பா வைத்திருப்போம். எடுத்ததை டப்பாவில் போட்டு, வீட்டுக்கு வெளியே வைத்து, நன்றாகக் காய்ந்த பிறகுதான் தொடுவோம். அண்ணியிடமும் டப்பா இருந்தது. புதினா மிட்டாய் வந்த தட்டை டப்பா. பட்டாணிக்கும் அவரைக்கும் அது போதும். அவள் வாழ்நாளெல்லாம் தேடியது அதில் நுழையவில்லை. ஈரக் கழுத்துத் துண்டில் சுற்றிக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு ஓடிவந்துவிட்டாள். காய வைத்துப் பார்க்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றவில்லையா என்று பிறகு கேட்டேன். "தோணுச்சு. ஆனா அது அம்பரா இல்லாம இருந்துடுமோன்னு பயமா இருந்துச்சு" என்றாள்.

முதீதே இரண்டு சிநேகிதிகளோடு வந்தாள். ஆறு கார்னேஷன். டிக்கெட் வாங்கினாள், உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் பூண்டு வாடை அடித்தது.

"யாருங்க காலையிலேயே பூண்டு வதக்கறது?" என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு திரும்பினேன். பணியாளர் அறைக் கதவின் இடுக்கு வழியாகப் பால் மாதிரி வெள்ளைப் புகை வழிந்துகொண்டிருந்தது.

கதவைத் திறந்தேன். கோட்டு எரிகிறது. பூண்டு வாடை அதிலிருந்துதான், பாஸ்பரஸ். சும்மா எரியவில்லை, கண்ணைக் குருடாக்குகிற வெள்ளை வெளிச்சத்தில் எரிகிறது. சொட்டுச் சொட்டாக நெருப்பு தரையில் விழுகிறது. மரச்சுவர் பற்றிக்கொண்டுவிட்டது. அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் பெரிய அறை. அம்பர் பிசின்தானே, விறகைவிட நன்றாக எரியும். கட்டடமும் மரம்.

"நெருப்பு! எல்லாரும் வெளியே போங்க!" நான் கத்தின கத்தலில் முதீதேயின் சிநேகிதிகள் தொப்பியை விட்டுவிட்டு ஓடினார்கள். முதீதே பூவைப் போட்டுவிட்டு ஓடினாள். தெருவுக்கு எதிர்ப்பக்கம் மீன் புகைபோடும் கொட்டகையில் இருந்த என் அண்ணன் ஓடிவந்தான். அவனுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது.

"தண்ணி ஊத்தாதீங்க, சிதறும்! ஈர மணல்! ஈர மணல் கொண்டாங்க!"

பக்கத்து வீட்டுக்காரர்கள் தள்ளுவண்டியில் மணலோடு வந்தார்கள். நான் முற்றத்தில் நின்று ஆட்களை எண்ணினேன். சிநேகிதி ஒன்று, சிநேகிதி இரண்டு, முதீதே. அண்ணி இல்லை.

"சிகுர்ட்ஸ்! அண்ணி உள்ளே இருக்காங்க!"

அவன் மணல் வாளியைப் போட்டுவிட்டு வாசலுக்குப் பாய்ந்தான். உள்ளே கண்ணாடி உடைகிற சத்தம் கேட்டது. பெட்டிகளின் சாவி சனிதாவிடம். சனிதா இன்னும் வரவில்லை. நாற்காலியால் அடித்து உடைத்திருக்கிறாள், பாவி! புகைக்குள்ளிருந்து இருமிக்கொண்டே வந்தாள். அண்ணன் அவள் தோளைப் பிடித்து இழுத்துவந்து முற்றத்துப் பனியில் நிறுத்தினான். பாவாடையின் முன்பக்கத்தைத் தூக்கிப் பிடித்து, அந்தப் பெரிய அம்பரை அதில் ஏந்தி வயிற்றோடு அணைத்திருந்தாள். கையெல்லாம் கண்ணாடிக் கீறல்.

"பைத்தியமாடி உனக்கு?" அண்ணன் அழுதுவிட்டான். "இதுக்காகவா செத்துப்போக இருந்தே? அவன் பேரு போட்ட கல்லுக்காகவா?"

அவள் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாள். சனிதா அப்போதுதான் சைக்கிளிலிருந்து இறங்கி ஓடிவந்தாள். பக்கத்து வீட்டார், எதிர்வீட்டார், மணல் வண்டிக்காரர்கள் என்று பாதி ஊர் அங்கே நின்றது.

முதீதே அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஈயாடவில்லை. எத்தனையோ வருஷமாக அண்ணியிடம் ஒரு வணக்கத்துக்கு மேல் பேசாதவள், சின்னப் பிள்ளைக் குரலில் சொன்னாள்:

"அன்னைக்கும் இப்படித்தான் வந்தீங்க வெல்டாக்கா. பாவாடையில ஏந்திக்கிட்டு. எங்க சமையல்கட்டுக்கு. தண்ணி சொட்டச் சொட்ட."

சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டாள். ஆனால் சொன்னது சொன்னதுதான். உள்ளே மணல் கொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

நான் பாய்ந்திருப்பேன். இத்தனை வருஷம் பார்த்துக்கொண்டிருந்தாயா, கண்ணால் பார்த்துவிட்டா பூ வைத்தாய் என்று அவள் தலைமயிரைப் பிடித்திருப்பேன். அண்ணி முந்திக்கொண்டாள்.

"ஆமா. நீ அடுப்புப் பக்கத்துல நின்னு ரொட்டி தின்னுட்டிருந்தே. உனக்கு ஒன்பது வயசு."

"நான் இருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

"ஏன் தெரியாது? உன்னைத்தான் முதல்ல பார்த்தேன். பயந்து போயி ரொட்டியை எங்கிட்ட நீட்டினே."

சனிதா குறுக்கே வந்தாள். "வெல்டாம்மா, நான் கேட்டேனே! பார்த்தவங்க யாரும் இல்லைன்னீங்களே!"

"ஒன்பது வயசுப் பொண்ணைக் கூப்பிட்டு, உங்கப்பன் திருடன்னு சொல்லுன்னா கேக்கறது?" என்று அண்ணி சீறினாள். பிறகு முதீதேயிடம் திரும்பினாள். "பெரியவளானதும் நீயே வந்து சொல்லுவேன்னு இருந்தேன். வருஷா வருஷம் வந்தே. நான் எழுந்திருக்காம உக்காந்திருந்தேன், இன்னைக்குச் சொல்லிடுவா, இன்னைக்குச் சொல்லிடுவான்னு. நீ பூவை வச்சிட்டுப் போயிட்டே."

முதீதே அந்தப் பனியிலேயே உட்கார்ந்துவிட்டாள். சிநேகிதிகள் தூக்கப் போனார்கள், அவள் எழுந்திருக்கவில்லை. "அப்பாவுக்குன்னு வேற எதுவும் இல்லையே அக்கா. அந்தச் சீட்டு ஒண்ணுதான் இருந்துச்சு" என்று மட்டும் சொன்னாள். எனக்கு அவள்மேல் இருந்த கோபம் அத்தனையும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. அந்த நேரத்தில் அது போனதும் எனக்குப் பிடிக்கவில்லை.

நெருப்பு சுவரோடு நின்றுவிட்டது. பணியாளர் அறையும் பெரிய அறையின் ஒரு மூலையும் கருகியதோடு சரி. அண்ணி உள்ளே ஓடியிருக்கவே வேண்டாம், அம்பர் பெட்டியிலேயே பத்திரமாக இருந்திருக்கும் என்று தீயணைப்புக்காரர் சொன்னார். சொல்லாமல் இருந்திருக்கலாம். கோட்டுப் பையில் வைத்தது அண்ணி என்று தெரிந்த பிறகு ஊராட்சி சும்மா இருக்குமா? வேலை போயிற்று. சனிதா எவ்வளவோ வாதாடினாள். அண்ணியே, "தப்பு என்னுதுதான், விடும்மா" என்று சொல்லி முடித்துவிட்டாள்.

சீட்டு எழுதும்போது இன்னொரு சண்டை. முதீதே லியெபாயாவிலிருந்து வந்து, அப்பா பெயரை எடுத்துவிடுங்கள் என்றாள். அண்ணி கூடாது என்றாள். "அன்னைக்கு அவர் என் தடத்து மேல நடக்கலன்னா எங்கப்பா கடலுக்கே போயிருக்க முடியாது. அவர் பேரும் இருக்கட்டும். யார் எடுத்தா, யார் கொடுத்தான்னு பிரிச்சு எழுது." நான் எடுத்துவிடச் சொன்னேன். என் பேச்சை யார் கேட்டார்கள்? கடைசியில் அப்படியே எழுதினார்கள்: 'கண்டெடுத்தவர்: வெல்டா ஸ்குயா. அளித்தவர்: கார்லிஸ் வீதோல்ஸ்.'

அறையைச் சரிசெய்து மறுபடி திறந்தபோது வேனில் வந்துவிட்டது. வெல்டா அண்ணி முதல்நாள் வரவில்லை. இரண்டாம் நாளும் வரவில்லை. வீட்டில் வெங்காயத்தைப் பிடுங்கி நட்டு, பிடுங்கி நட்டுக்கொண்டிருக்கிறாள் என்று அண்ணன் வந்து சொன்னான். மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து என் ஜன்னல் முன்னால் நின்று டிக்கெட் கேட்டாள்.

"உங்களுக்கு என்ன அண்ணி டிக்கெட்டு? சும்மா போங்க."

"கொடுடி. எல்லாரையும் மாதிரி போறேன்."

கொடுத்தேன். நேராகக் கிழித்துக் கொடுத்தேன். மூலையில் வேறொரு பெண் அவள் நாற்காலியில் உட்கார்ந்து பின்னிக்கொண்டிருந்தாள். அண்ணி பெட்டிக்கு முன்னால் போய் நின்றாள். இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்றி மாற்றி நின்றாள். கண்ணாடி இல்லையென்றால் எழுத்தைத் தடவியே பார்த்திருப்பாள்.

ஜெர்மனியிலிருந்து வந்த ஒரு கிழவனும் கிழவியும் அவள் பக்கத்தில் வந்து நின்று அம்பரைப் பார்த்தார்கள். அண்ணி அவர்களைப் பார்த்தாள், சீட்டைப் பார்த்தாள், மறுபடி அவர்களைப் பார்த்தாள். பொறுக்கவில்லை. கிழவியின் முழங்கையைத் தட்டினாள்.

"இது நான்தான். இந்தப் பேரு."

கிழவிக்கு எங்கள் மொழி புரியவில்லை. மரியாதைக்குச் சிரித்துத் தலையாட்டினாள். அண்ணி இன்னும் சத்தமாகச் சொன்னாள். பின்னிக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். கிழவி மறுபடியும் சிரித்தாள். அண்ணி கைப்பையைத் திறந்து, உள்ளே இருப்பதையெல்லாம் கலைத்து, தன் அடையாள அட்டையை எடுத்தாள். அதைக் கண்ணாடியில், சீட்டுக்குப் பக்கத்தில், பெயரும் பெயரும் நேருக்கு நேர் வரும்படி அழுத்திப் பிடித்தாள்.

கிழவி மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தாள். அட்டையைப் படித்தாள். சீட்டைப் படித்தாள். நிமிர்ந்து அண்ணியின் கையைத் தன் இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினாள், கிழவனையும் கூப்பிட்டுக் குலுக்கச் சொன்னாள். டிக்கெட்டுக்கு ஆள் வந்து நிற்பதைக்கூடக் கவனிக்காமல் நான் ஜன்னலிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.